பன்னீர் திராட்சை

சென்னை சிட்லபாக்கத்தில் தள்ளுவண்டியில் கருநீலமாகக் குவிந்திருக்கும் பன்னீர் திராட்சையைக் கடக்கும்போதே மணம் மூக்கில் ஏறிவிடும். விதையில்லாத பச்சைத் திராட்சைக்கு இந்த வாசனை கிடையாது. பழத்தின் மேல் சாம்பல் போல மெல்லிய வெண்பூச்சு இருக்கும். விரலால் தேய்த்தால் தோல் பளபளக்கும். பூச்சு கலையாத கொத்தாகப் பார்த்து எடுங்கள், அதிகம் கைபடாத பழம் அது.

வருவது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மண். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் கொடியை ஏற்றுகிறார்கள். கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் ஆண்டு முழுக்கப் பழம் வருகிறது. திராட்சைக்குப் பெயர்போன இத்தாலியில்கூட ஆண்டுக்கு ஒரே அறுவடைதான்.

அதே இத்தாலியில், பிளாரன்ஸின் ஆன்டினோரி குடும்பம் 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கிறது. புட்டியிலேயே குடும்பப் பெயர் நிற்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிக் குடும்பங்களின் உழைப்போ பெயரில்லாமல் வண்டிக்கு வந்து சேர்கிறது. 2023-ல் கிடைத்த புவிசார் குறியீடு கம்பத்தின் பெயரையாவது பழத்தோடு சேர்த்தது. வியாபாரிகள் அதைச் சொல்லி விற்கலாமே!

கொட்டைக்குப் பயந்து இந்தப் பழத்தை ஒதுக்காதீர்கள். மசித்து வடிகட்டி, துளி உப்புப் போட்டால் அருமையான ஜூஸ்.