அசோகமித்திரன் புனைவில் ஊரும் வீடும்

சிகந்தராபாத்தில் 1931-இல் பிறந்த அசோகமித்திரன் 1952-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பிறந்த நகரைக் களமாகக் கொண்ட ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ 1977-இல் வெளிவந்தது. நீங்கிய ஊரை நினைந்து எழுதும் படைப்புகளில் பெரும்பாலும் ஏக்கமே முதற்பொருளாகிவிடும். கால் நூற்றாண்டு கழித்து வந்த இப்புதினமோ அதற்கு இடந்தரவில்லை. கிரிக்கெட், மிதிவண்டி, லான்சர் பாரக்ஸ் குடியிருப்பு, தமிழும் தெலுங்கும் உருதும் ஊடாடும் தெரு ஆகியவை உருக்கமின்றி இடம்பெறுகின்றன.

தலைப்பு தனியே கருதத்தக்கது. ‘ஊர்’ என்னும் சொல் இடத்தையும் உரிமையையும் ஒருங்கே சுட்டும், ‘எந்த ஊர்?’ என்னும் வினா முகவரியை மட்டும் கேட்பதன்று. அச்சொல் தரும் உறவை விடுத்து, நிலப்படக் கோடு ஒன்றால் ஆசிரியர் தம் நகரைக் குறிக்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பில் கோடு அப்படியே வந்துவிடுகிறது. கைவிடப்பட்ட ‘ஊர்’ அங்கே புலப்பட வழியில்லை. (மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவதற்கில்லை, மூலத்தில் எழுதப்படாத சொல்லை எவர்தாம் பெயர்க்க இயலும்?)

இவ்விலகலின் பயன் இறுதிக் காட்சியில் தெரிகிறது. 1948 செப்டம்பர் இராணுவ நடவடிக்கையை ஒட்டிய கலவரத்தில், சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டினுள் நுழைய நேர்கிறது. தாக்க வந்தவன் என்று அஞ்சி, குடும்பத்தைக் காக்க ஒரு சிறுமி தன்னையே அளிக்க முன்வருகிறாள். அவன் வெளியே ஓடுகிறான். பிறர் வீட்டிற்குத் தானே அச்சமாகி நின்றதை அவனால் தாங்க இயலவில்லை. ஏக்கத்தால் எழுதப்பட்ட சிகந்தராபாத்தில் இவ்வீட்டிற்கு இடம் கிடைத்திராது.