யாத்திரிகனின் பாதங்கள்

யோவான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்ச பிரயாணத்தையும், அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் அளித்த இரட்சணிய யாத்திரிகத்தையும் நாம் ஆத்தும வரலாறாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஆயினும் பனியனின் பிரயாணிகள் இருவர் நேர்வழியை விட்டுப் பக்கத்துப் புல்வெளியில் இறங்கியதற்குக் காரணம் அவிசுவாசமன்று. கரடுமுரடான பாதையில் நடந்து நொந்த பாதங்களே. இராட்சதனின் கோட்டையில் அவர்கள் அகப்பட்டது அதன் பின்னரே. பிரசங்கத்தில் நாம் கோட்டையைச் சொல்லுகிறோம். நொந்த பாதத்தைச் சொல்லுவதில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து திருச்செந்தூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு நடப்போரை, வீணாய்த் தம்மை வருத்துகிறவர்கள் என நாம் தள்ளிவிடுவதும் இவ்வாசிப்பின் விளைவே. கால்நோவு புண்ணியம் ஈட்டாது என்பது நம் உபதேசம், அது சரியே. ஆனால் சீகாரின் கிணற்றருகே ஆண்டவர் உட்கார்ந்தது நடந்த களைப்பினாலன்றோ? இவர்களுக்காக ஆலய வாசலில் தண்ணீர்ப்பானை வைக்கலாமா என்று ஒரு சபையில் கேட்டோம். நெடுநேரம் எவரும் பேசவில்லை.