கதிர் சேரும் களஞ்சியம்

காளிகாட்டை அடுத்த பவானிப்பூரில் 1876இல் ஒரு கவிதை நூல் அச்சேறியது. 'பிரெஞ்சு வயல்களில் பொறுக்கிய கதிர்க்கட்டு' என்பது அதன் பெயர்ப்பொருள். கல்கத்தாவில் பிறந்து பிரான்சில் பிரெஞ்சு பயின்ற தோரு தத், தமக்கை ஆருவின் துணையுடன் ஆங்கிலமாக்கிய பாடல்கள் அவை. கவிஞர்களை எடைபோடும் தோருவின் குறிப்புகள், பாடங்கேட்டதோடு அமையாத தன்மதிப்புடைய கல்வியைக் காட்டுகின்றன. 1877இல் இருபத்தோராம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய பிரெஞ்சுப் புதினம் 1879இல் பாரிசில் வெளிவந்தது.

ஆயினும் ஒரு குறை உண்டு. அவர் விட்டுச்சென்ற நூல்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலுமே உள்ளன. வங்கக் களஞ்சியத்திற்கு அவர் கையால் ஒரு கதிரும் வந்திலது. மாறாக, வெ. ஸ்ரீராம் காம்யுவின் 'அந்நிய'னைப் பிரெஞ்சிலிருந்து நேரே பெயர்த்து 1980இல் தமிழுக்களித்தார்.

பிரெஞ்சு இலக்கியம் பயிலப் பல்கலைக்கழகம் புகும் நம் மக்களும் இவ்வழி நிற்கலாம். ஆனால், தமிழெழுத்தை வீட்டில் நாம் கற்பியாவிடின், அவர்கள் கொணரும் கதிரை எக்களஞ்சியத்தில் சேர்ப்பர்?