காக்காவும் தம்பியும்: 'நாயகன்' சொல்லாமல் விட்ட பாதி

மணிரத்தினத்தின் 'நாயகன்' 1987இல் வெளிவந்தது. எங்கள் ஊரில் அதை ஒரு கல்யாண வீட்டு வளவில், வாடகை டெக்கில்தான் பார்க்கக் கிடைத்தது. தாராவியில் வேலுவை வளர்த்த முஸ்லிம் பெரியவர் பொலிஸ் நிலையத்தில் கொல்லப்படுகிறார். அதற்குக் காரணமான இன்ஸ்பெக்டரை ஊர் பார்க்க வேலு அடித்துக் கொன்றபோது, வளவில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றோம்.

அந்தப் படத்தில் 'கோட்பாதர்' (1972) படத்தின் சாயல் உண்டென்பது பழைய பேச்சு. 1974இல் பிரான்சிஸ் போர்ட் கொப்போலா நெறிப்படுத்திய இரண்டாம் பாகத்தோடு வைத்துப் பார்ப்பதே பயனுள்ளது என்பது என் எண்ணம். ஆறு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற இப்படம் இரண்டு கதைகளை மாறி மாறிச் சொல்கிறது. ஒன்று, சிசிலியில் குடும்பத்தைப் பறிகொடுத்து நியூயோர்க்கில் கரையேறிய சிறுவன் விட்டோ பெரிய மனிதனாகும் கதை. மற்றையது, அவன் மகன் மைக்கல் 1958இலும் அதன் பின்னும் அதே அதிகாரத்தைக் காக்கும் கதை.

விட்டோவின் கதை நமக்குப் பழக்கமானது. தெருவில் கப்பம் வாங்கும் பனூச்சியைச் சுட்டுக் கொல்கிறான். வீடு திரும்பி வாசற்படியில் குந்தி, கைக்குழந்தை மைக்கலை மடியில் எடுத்து, வாப்பாவுக்கு உன்மேல் எவ்வளவு பாசம் என்கிறான். ரொபர்ட் டி நீரோ இதை மிக அமைதியாகச் செய்கிறார். நாமும் அவன் பக்கமே நிற்கிறோம். 'நாயகன்' பெரும்பாலும் இந்தப் பாதியில்தான் நடக்கிறது.

அந்தக் குழந்தை வளர்ந்து செய்வதுதான் மறுபாதி. மூத்தவன் பிரெடோ இருக்கத் தம்பி மைக்கல் குடும்பத் தலைவனாகிறான். அந்த மனக்குறையில் பிரெடோ எதிரிக்குத் துணைபோகிறான். காக்கா என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் உள்ள கனத்தை அறிந்தவர்களுக்கு அவனுடைய புலம்பல் விளங்கும். உம்மா மௌத்தாகும் வரை மைக்கல் பொறுத்திருக்கிறான். மையித்து வீட்டில் காக்காவைக் கட்டியணைக்கிறான். பிறகு ஏரியில் மீன்பிடித்துக்கொண்டிருக்கும்போது ஆள்விட்டுச் சுடுவிக்கிறான். காபிலுக்காவது ஒரு காகம் வந்தது, அவன் கைசேதப்பட்டான். மைக்கலுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

கடைசியில் 1941 டிசம்பர் நாளொன்று நினைவில் வருகிறது. படையில் சேர்ந்துவிட்டதாக மைக்கல் சொன்னதும் வீடே கோபிக்கிறது. கைகொடுத்து வாழ்த்தியவன் பிரெடோ மட்டும்தான்.

'நாயக'னிலும் கணக்குத் தீர்க்கப்படுகிறது. மகள் சாருமதி வாப்பாவை விட்டுப் போகிறாள்; அந்த இன்ஸ்பெக்டரின் மகனே வேலுவைச் சுடுகிறான். ஆனால் கமெரா அழும் சனங்களுக்குள் நிற்பதால் நாமும் அழுகிறோம், தீர்ப்புச் சொல்ல மறந்துபோகிறோம். கொப்போலா மைக்கலுக்காக அழ ஒருவரையும் வைக்கவில்லை. அல் பசினோவின் முகத்தோடு நம்மைத் தனியே விட்டுவிடுகிறார். வேலு நல்லவரா கெட்டவரா என்பதற்கு 'நாயக'னில் விடையில்லை. இங்கே அந்தக் கேள்வியே எழுவதில்லை.

அன்று வளவில் என் பக்கத்தில் நின்றவன் என்னோடு படித்தவன். பொலிஸும் நீதிமன்றமும் எட்டாத யுத்த காலத்தில் ஊரின் வழக்குகள் துவக்கு வைத்திருந்தவர்களிடம் போயின. அவனும் முதலில் வலை திருடுவோரைத்தான் பிடித்தான். மீனவர்கள் அவனுக்கு துஆச் செய்தார்கள். இரண்டு வருடத்தில் அதே மீனவர்கள் தோணிக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு கட்டினார்கள். தட்டிக்கேட்ட சொந்தக் காக்கா ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. அவன் கெட்டுப்போனது எந்த நாளில் என்று ஊரில் யாராலும் சொல்ல முடியவில்லை. வாசற்படியில் குழந்தையை மடியில் எடுத்த அந்த நாளில்தான் என்கிறது இப்படம்.

'ஊருக்கு ஒரு ஆள் வேணும்' என்ற பேச்சு இன்றும் தேநீர்க் கடைகளில் கேட்கிறது. 'நாயக'னைப் பார்த்துக் கைதட்டிய நம் தலைமுறை இதையும் பார்க்க வேண்டும்.