லினக்ஸும் ஓய்வறியா வன்தட்டும்

கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் மென்பொருள்களுக்கும் நடுவே நின்று நிர்வாகம் செய்யும் உட்கருவான கெர்னல், வேலையில்லாத சேமிப்பகங்களை ஓய்வுக்கு அனுப்பும் விதத்தில் லினக்ஸ் இரண்டு முகங்களைக் காட்டுகிறது. மடிக்கணினியில் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியோடு பழகியவருக்கு அப்படியொரு ஏற்பாடு இருப்பதே தெரியாது. டெபியன் லினக்ஸ் நிறுவிய வீட்டுச் சர்வரில் 3.5 அங்குல வன்தட்டைப் பொருத்திச் சில வாரங்கள் ஓட்டிப் பார்ப்பவருக்கோ அது தீராத தலைவலி.

முதல் முகத்தை விரைவில் சொல்லிவிடலாம். 2017இல் வந்த 4.11ஆம் பதிப்பு முதல், எஸ்எஸ்டி தானே படிப்படியாகக் குறைந்த மின்நிலைகளுக்கு இறங்கும் வசதியை லினக்ஸ் பயன்படுத்துகிறது. ஒரு நிலைக்குள் போகவும் அதிலிருந்து மீளவும் ஆகும் நேரத்தை எஸ்எஸ்டி அறிவிக்க, அவ்விரண்டின் கூட்டுத்தொகையைப்போல் 50 மடங்கு நேரம் சும்மா இருந்தால் இறங்கலாம் என்று அப்போதைய கெர்னல் அட்டவணை போட்டுக் கொடுத்தது. நிலைமாற்றத்தில் வீணாவது ஏறத்தாழ 2 விழுக்காட்டுக்குள் அடங்கும் என்பது அதன் கணக்கு. ஆழ்ந்த நிலைக்குப் போனால் தகராறு செய்த சில எஸ்எஸ்டிகளுக்கு விலக்குப் பட்டியலையும் கெர்னலே வைத்துக்கொண்டது. பயனர் கைவைக்க வேண்டிய இடம் எதுவுமில்லை. லினக்ஸின் மீது அபிமானம் கொண்டவர்கள் மார்தட்டிக்கொள்ளத்தக்க வேலை இது.

வன்தட்டின் நிலை வேறு. ஓய்வு என்பது இங்கே மோட்டாரையே நிறுத்துவது. சும்மா சுழலும்போது 5 வாட் அளவில் எடுக்கும் தட்டு, நின்றுவிட்டால் 1 வாட்டுக்கும் கீழே போகும். இதற்கான வசதி கெர்னலில் இருந்தும் இயல்பில் அது முடக்கப்பட்டே வருவதால், எச்டிபார்ம் என்னும் பழைய கருவியைக் கொண்டு தட்டுக்குள் இருக்கும் கடிகாரத்தை முடுக்குவதே வழக்கமான வழி. அக்கடிகாரத்தின் எண்முறை விசித்திரமானது: 1 முதல் 240 வரை ஒவ்வோர் எண்ணும் 5 நொடி, 241 முதல் ஒவ்வொன்றும் அரைமணி, 252 என்றால் 21 நிமிடம், 255 என்றால் 21 நிமிடம் 15 நொடி. அந்த 15 நொடி யாருக்குத் தேவைப்பட்டதோ, 25 நிமிடம் வேண்டுபவருக்கு வழியே இல்லை. இது தட்டுகளுக்கான பொதுத்தரத்தின் குற்றமே தவிர லினக்ஸின் குற்றமன்று. ஆனாலும் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அதைப் பயனரின் தலையில் அப்படியே கட்டுவது நியாயமாகாது.

தட்டைத் தூங்கவைப்பதைவிடத் தூங்கவிடுவதே கடினம். புதிதாக எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் வடிவமைத்த பெரிய தட்டு மணிக்கணக்கில் ஓயாமல் உறுமிக்கொண்டிருப்பதற்குக் காரணம், வடிவமைப்பின்போது தள்ளிப்போட்ட அட்டவணைகளைக் கெர்னல் பின்னணியில் எழுதி முடிப்பதாகும். அது ஓய்ந்தபின், ஒரு கோப்பைப் படித்தாலே படித்த நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் தலைகாட்டும்; அதற்கு 2009இல் இயல்பாக்கப்பட்ட தளர்வு விதியும் நாளுக்கு ஒருமுறை எழுத இடம் கொடுக்கிறது. இவற்றையெல்லாம் மிஞ்சுவது ஸ்மார்ட்-டி என்ற உடல்நலக் கண்காணிப்பு நிரல். 20 நிமிடத்தில் தூங்கும்படி அமைத்த தட்டை, 30 நிமிடத்துக்கு ஒருமுறை நலம் விசாரிக்கும் இந்நிரல், உறங்குபவரை உலுக்கி நன்றாகத் தூக்கம் வந்ததா என்று கேட்பதுபோல் எழுப்பிவிட, நாளொன்றுக்கு 48 முறை மோட்டார் நின்று ஓடுகிறது. 50,000 முறை என்று வரம்பு குறித்த பழைய தட்டொன்று இந்த வேகத்தில் மூன்றாண்டு நிறையுமுன் வரம்பைத் தொட்டுவிடும். தூங்கும் தட்டை விட்டுவிடச் சொல்லும் விருப்பத்தேர்வு அந்நிரலில் உண்டு, ஆனால் அதைப் பயனரே தேடிப் போட வேண்டும்.

நின்ற தட்டிலுள்ள ஒரு கோப்புறையைத் திறக்கும்போது ஏற்படும் எரிச்சல் தனி ரகம். தட்டு வேகம் பிடிக்கும் வரை, சில நேரம் பத்து நொடி கூட, கேட்ட நிரல் குறுக்கிட முடியாத காத்திருப்பு நிலையில் கெர்னலுக்குள் மாட்டிக்கொள்கிறது. கன்ட்ரோல்-சி அழுத்தினாலும், இன்னொரு முனையத்திலிருந்து கொல்லும் கட்டளை அனுப்பினாலும் அசையாது. தட்டு எழுந்துகொண்டிருக்கிறது என்று திரையில் ஒரு வரி வந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம்.

யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் தட்டுக்குக் கடிகாரக் கட்டளை பல வேளைகளில் போய்ச் சேர்வதேயில்லை. அதற்கென எழுதப்பட்ட எச்டி-ஐடில் என்ற நிரல், கெர்னல் வைத்திருக்கும் படிப்பு–எழுத்துக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்து, எண்கள் அசையாவிட்டால் தட்டை நிறுத்துகிறது. நலம் விசாரிக்கும் கட்டளைகளோ பொதுவாக அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஆகவே ஸ்மார்ட்-டி எழுப்பிவிட்ட தட்டு இன்னும் உறங்குவதாகவே எச்டி-ஐடில் நம்பிக்கொண்டிருக்க, மறுபடி நிறுத்துவார் யாருமின்றித் தட்டு விடியும் வரை சுழல்கிறது.