குரலும் கையும்: பவதாரிணியை மறுபடி கேட்பது

எங்கள் தென்காசிப் பக்கத்தில் கோயில் கொடை என்றால் ஓர் இரவு பாட்டுக் கச்சேரி உண்டு. மேடையில் கீபோர்டு, கித்தார், தபேலா, ரிதம் பேடு எல்லாவற்றுக்கும் பின்னால் ஆண்கள் இருப்பார்கள். முன்னால், ஜிகினாச் சேலையில், கையில் மைக்கோடு ஒரு பெண் நிற்பார். அறிவிப்பாளர் அவரை 'எங்கள் குழுவின் குயில்' என்பார். சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய காட்சி இது. என் வகுப்பு மாணவி ஒருத்தி சொல்லும்வரை, இதில் ஏதோ குறைகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் எட்டாம் வகுப்பிலிருந்து தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறாள். ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழு சுருதி நழுவினால் அதைப் பிடித்து நிறுத்துவது அவள் கைதான். உள்ளூர்க் கச்சேரிக் குழு ஒன்று அவளைத் தேடி வந்திருக்கிறது. "பாட வர்றியான்னு கேட்டாங்க மேடம். எனக்குப் பாட வராது, கீபோர்டு வாசிக்கிறேன்னு சொன்னேன். சிரிச்சுட்டு, ராத்திரி வேலைம்மா, பொம்பளப் பிள்ளைக்குச் சரிவராதுன்னுட்டாங்க." கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "பாடப் போனாலும் அதே ராத்திரிதானே மேடம்?"

இந்தக் கேள்வியோடுதான் நான் பவதாரிணியை மறுபடி கேட்கத் தொடங்கினேன்.

2024 ஜனவரி 25 அன்று அவர் இலங்கையில் காலமானார். புற்றுநோய். வயது 47. குடும்பத்தின் சொந்த மாவட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அன்று வந்த அஞ்சலிகளில் திரும்பத் திரும்ப வந்த சொற்கள் மூன்று: மகள், தங்கை, குழந்தைக் குரல். மூன்றும் உண்மைதான். 'பாரதி' (2000) படத்தில் பாடிய பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றவர் அவர். அந்தக் குரலில் பயிற்சியின் மினுக்கு கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண் தனக்குத்தானே பாடுவது போல இருக்கும். அதை நேசித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் 'இசையமைப்பாளர்' என்ற நான்காவது சொல் அஞ்சலிகளின் கடைசி வரியில், 'சில படங்களுக்கு இசையும் அமைத்திருக்கிறார்' என்று வந்து போனது. அந்த 'உம்'மைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர் இசையமைத்த படங்களைக் காலவரிசையில் வைத்துப் பாருங்கள். 2002இல் ரேவதி இயக்கிய 'மித்ர், மை ஃபிரெண்ட்'. 2003இல் தெலுங்கில் 'அவுனா'. 2004இல் ரேவதியின் இந்திப் படமான 'ஃபிர் மிலேங்கே', அதில் பல இசையமைப்பாளர்களில் ஒருவர். 2006இல் 'இலக்கணம்', 'அமிர்தம்'. 2013இல் 'வெள்ளச்சி'. 2020இல் 'மாயநதி'. ஆண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளையும் சேர்த்துப் படியுங்கள். முதல் வாசலைத் திறந்தவர் ஒரு பெண் இயக்குநர். அந்தப் படத்தில் ஒளிப்பதிவு ஃபவுசியா பாத்திமா, படத்தொகுப்பு பீனா பால். படத்தொகுப்புக்குத் தேசிய விருதும் கிடைத்தது. பெண்கள் பெண்களை வேலைக்கு அழைத்த அரிய தருணம் அது. அதன் பிறகு பெரிய நிறுவனங்களின் வாசல் எதுவும் அவருக்காகத் திறந்ததாக இந்தப் பட்டியல் சொல்லவில்லை.

நம் ஊரில் இசையமைப்பாளர் உருவாகும் வழி பெரும்பாலும் விசைப்பலகை வழியாகப் போகிறது. ஆர்மோனியப் பெட்டியோ கீபோர்டோ, அதன் முன் உட்கார்ந்தவர் மற்ற வாத்தியங்களை வழிநடத்தப் பழகுகிறார், பிறகு மெட்டமைக்கிறார். இளையராஜாவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் சிறுவனாக இருந்தபோது பெண்குரல் பகுதிகளைப் பாடியவர் அவர். குரல் உடைந்த பிறகு ஆர்மோனியத்தின் பக்கம் போனார். அந்த நகர்வுதான் நமக்கு ஓர் இசையமைப்பாளரைத் தந்தது. பெண்குரல் என்பது அந்தச் சிறுவன் கடந்து போன ஒரு படி. பெண்ணுக்கோ அதுவே கடைசிப் படியாக வைக்கப்பட்டிருக்கிறது.

ஏ.ஆர். ரஹ்மானின் வழியும் இதுதான். தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. பையன் பதின்ம வயதிலேயே இளையராஜா உட்படப் பலரிடம் கீபோர்டு வாசித்தார். பிறகு வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம், 1992இல் 'ரோஜா'. அந்தக் கூடத்துக்கு முதல் ஒலிப்பதிவுக் கருவி வாங்க அம்மா தன் நகைகளை அடகு வைத்தார் என்று ரஹ்மானே சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவை வணங்குகிறேன். கூடவே ஒன்று கேட்கத் தோன்றுகிறது. மகள் கீபோர்டு வாசித்திருந்தால், எத்தனை வீடுகளில் அந்த நகை அடகுக்கடைக்குப் போயிருக்கும்? அவள் கல்யாணத்துக்காகப் பீரோவிலேயே இருந்திருக்காதா?

இந்தப் பிரிவினை சினிமா கண்டுபிடித்தது அல்ல. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியும் சிங்கியும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். பேச்சை எழுதியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பா நாடக மேடையில் பாடியபோது ஆர்மோனியத்தில் இருந்தவர் அவர் அண்ணன் காசி அய்யர். கிட்டப்பாவுக்கு ஈடாக நின்று பாடிய கே.பி. சுந்தராம்பாளை நாம் கொண்டாடுவது குரலுக்காக. பெண் பாடலாம், பாட்டை நடத்துவது வேறொருவர் வேலை என்பது பழைய ஏற்பாடு.

ஆனால் அதை மீறியவர்களும் இதே தென்கோடியில் இருந்தார்கள். 2018இல் மறைந்த வில்லிசைக் கலைஞர் பூங்கனி வில்லின் நடுவில் உட்கார்ந்து, வீசுகோலால் வில்லைத் தட்டி, கதையையும் குழுவையும் சேர்த்து நடத்தியவர். அதுவும் கொடைதான், அதுவும் ராத்திரிதான். சினிமாவிலும் பானுமதி 1953இல் 'சண்டிராணி'யை இயக்கி, அடுத்த ஆண்டு 'சக்ரபாணி'க்கு இசையமைத்தார். இந்தியில் உஷா கன்னா 1959இல் 'தில் தேகே தேகோ'வில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இசையமைத்தார். எனவே 'பெண்ணுக்குச் சரிவராது' என்பது மரபு சொல்வது அல்ல, வசதிக்காகச் சொல்வது.

பவதாரிணிக்கு எல்லாம் வீட்டிலேயே இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், அப்பாவும் அண்ணனும் தம்பியும் இசையமைப்பாளர்கள். அதனால்தான் அவர் கதை நமக்கு முக்கியம். வாத்தியமும் கூடமும் ஆசானும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பெண்ணுக்கே தொழிலில் இவ்வளவுதான் இடம் கிடைத்தது என்றால், என் மாணவிக்கு முன்னால் இருக்கும் சுவர் எவ்வளவு உயரம்? அவர் வீட்டைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. இயக்குநர்களும் தயாரிப்பாளர்களும் அந்த வீட்டின் ஆண்களிடம் மெட்டும் பெண்ணிடம் குரலும் கேட்டு வந்தார்கள் என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

குற்றம் விமர்சகர்களான நம்மிடமும் இருக்கிறது. அவருடைய குரலைப் பற்றி எழுத நமக்கு நூறு உவமைகள் உண்டு. அவருடைய இசையமைப்பைப் பற்றி எழுத ஒரு வாக்கியம் கூட நாம் தயாரிக்கவில்லை. 'மித்ர்' சிதம்பரத்திலிருந்து கல்யாணமாகி அமெரிக்கா போன லட்சுமியின் கதை. மகள் வளர்ந்து விலகுகிறாள், வீடு வெறிச்சோடுகிறது, கணினி அரட்டையில் முகம் தெரியாத நட்பு ஒன்று முளைக்கிறது. அப்படி ஒரு வீட்டின் தனிமைக்கு எந்த வாத்தியம் பொருந்தும்? எங்கே இசையை நிறுத்திவிட வேண்டும்? ஒரு ஆண் இசையமைப்பாளர் என்றால் இந்தக் கேள்விகளைக் கேட்டிருப்போம். இவர் விஷயத்தில் 'அப்பா சாயல் இருக்கிறதா' என்று மட்டும் பார்த்தோம். இப்போது என் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். படத்தை ஒரு முறை கண்ணைத் திறந்தும் ஒரு முறை மூடியும் கேட்க வேண்டும். இசை தொடங்கும் இடம், நிற்கும் இடம், அப்போது லட்சுமி என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதை நோட்டில் எழுத வேண்டும். விமர்சனம் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

அவர் இறந்த அதே 2024இல் 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தின் ஒரு பாட்டில், செயற்கை நுண்ணறிவின் உதவியால் அவருடைய குரல் மறுபடி ஒலித்தது. இசை யுவன் சங்கர் ராஜா. அக்கா குணமாகி வந்து பாடுவார் என்று நினைத்திருந்த பாட்டு அது. தம்பியின் துக்கத்தை நான் எடைபோட மாட்டேன். கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் ஓர் உண்மை உறுத்துகிறது. இயந்திரம் திரும்பக் கொண்டுவந்ததும் அவருடைய குரலைத்தான். மூச்சு வாங்கவோ, 'இந்த இடத்தில் மெட்டை மாற்றலாமா' என்று கேட்கவோ அந்தக் குரலுக்கு வழியில்லை. பெண்ணின் குரலை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளும் நம் பழைய வழக்கத்துக்கு இப்போது ஒரு புதிய கருவி கிடைத்திருக்கிறது. பாடகிகள் இதைப் பற்றி இன்றே பேசியாக வேண்டும்.

மகளின் நினைவாக, 15 வயதுக்கு உட்பட்ட சிறுமிகளுக்கான இசைக்குழு ஒன்றைத் தொடங்குவதாக இளையராஜா 2025இல் அறிவித்தார். அந்த அறிவிப்பு எனக்கு எந்தச் சிலையையும் விடப் பெரிதாகப் பட்டது. சிறுமிகளின் கைகளில் வாத்தியங்கள் இருக்கட்டும். நடத்தும் கோலும் ஒருநாள் அவர்கள் கைக்கு வரட்டும்.

சாரல் தொடங்கிய ஒரு மாலை, கல்லூரி விட்டதும் அந்த மாணவி என்னோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்தாள். வேறொரு கச்சேரிக் குழுவிடம் தானே போய்க் கேட்டிருக்கிறாள். ஒத்திகைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். "பாடச் சொன்னா என்ன செய்வே?" என்றேன்.

"கீபோர்டை ஆன் பண்ணிட்டு, யார் பாடப் போறீங்கன்னு கேப்பேன் மேடம்" என்றாள்.