விடைக்கவியும் ஆயத்த விடையும்

அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களான கல்முனை, மருதமுனை, அக்கரைப்பற்று ஆகியவற்றில் வழங்கும் நாட்டார் கவிகளுட் பல வினாவும் விடையுமாக அமைந்தவை. அவற்றின் விளிகளும் உவமைகளும் மரபுவழி ஆயத்தமாயிருப்பவை. எனினும் விடைக்கவி வினாவின் சொல்லையே பற்றிக்கொண்டு எழுகின்றது. ஆகவே ஆயத்தச் சொல் குறையன்று. கேளாமற் கூறுவதே குறை.

சமூக ஊடகப் பின்னூட்டங்களுக்குத் தன்னியக்க விடைகளை அமைப்போர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். கடை திறக்கும் நேரத்தை வினவுபவருக்கு, குறிப்பிட்ட சொல்லைக் கண்டு இயந்திரம் விடையிறுப்பது பயனுடையதே. முறைப்பாடு வருமிடத்து நிலைமை வேறு.

2018 பெப்ரவரியில், உணவில் மலட்டு மாத்திரை கலந்ததென்ற பொய் வதந்தியால், இம்மாவட்டத்தின் தலைநகரான அம்பாறையில் முஸ்லிம் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்திலும் வன்முறை மூண்டது. அக்காலத்தில் முகநூலிற் சிங்களத்தில் பரவிய வெறுப்புரைகளைச் சுட்டி முறையிட்டோர் பலருக்கு, விதிமீறல் இல்லை என்னும் ஒரே வார்ப்பான விடையே கிட்டியது. 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

ஆதலின், முறைப்பாட்டைக் கண்டதும் அதனை மொழியறிந்த ஒருவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடே முதலில் அமைதல் வேண்டும். முகமனுரை பின்னர் அமையலாம்.